மாதம் ஆயிரம் ரூபாய் கொடுத்தும் போதாதா? கல்லூரி மாணவர்களுக்கான அரசு உதவியை இன்னும் விரிவாக்க வேண்டுமா?

"போதாதா" என்று கேட்டிருக்கிறீர்கள் பாருங்கள், அந்த ஒரு சொல்லுக்காகத்தான் இந்த இரவு நேரத்தில் உட்கார்ந்து தட்டிக்கொண்டிருக்கிறேன். நீங்கள் அநேகமாக மாதச் சம்பளக்காரர், வரி பிடித்தது போக மிச்சம் வாங்குபவர், உங்கள் பிள்ளைக்கு எந்தத் திட்டத்திலும் ஒரு பைசா வந்திருக்காது. அந்த எரிச்சல் எனக்குப் புரிகிறது. என் கணவருக்கும் அதே எரிச்சல் உண்டு. சாப்பாட்டு நேரத்தில் இந்தப் பேச்சை எடுக்கக்கூடாது என்று வீட்டில் ஒப்பந்தமே போட்டிருக்கிறோம்.

நான் யார் என்று சொல்லிவிடுகிறேன். தமிழ்நாட்டில் ஒரு சுயநிதிக் கலை அறிவியல் கல்லூரியின் அலுவலகத்தில் பன்னிரண்டு வருடமாக ஸ்காலர்ஷிப் செக்‌ஷன் பார்க்கிறேன். செக்‌ஷன் என்றதும் பெரிதாக நினைத்துவிடாதீர்கள். ஒரு மேசை, ஒரு கம்ப்யூட்டர், நான். அவ்வளவுதான் செக்‌ஷன். எந்தக் கட்சியிலும் இல்லை. கல்லூரியின் பெயரைச் சொல்லப் போவதில்லை, கருத்தில் வந்து கேட்காதீர்கள்.

என் பதில்: விரிவாக்கத்தான் வேண்டும். ஆனால் என்னிடம் விட்டால் தொகையில் கை வைப்பதற்கு முன்னால் தேதியில் கை வைப்பேன். ஏன் என்பதற்குத்தான் இவ்வளவு நீளப் பதில்.

நீங்கள் சொல்லும் மாதம் ஆயிரம் ரூபாய் இரண்டு திட்டங்கள். மாணவிகளுக்குப் புதுமைப்பெண், 2022 செப்டம்பர் 5-ல் தொடங்கியது. மாணவர்களுக்குத் தமிழ்ப் புதல்வன், 2024 ஆகஸ்ட் 9-ல். ஆறாம் வகுப்பிலிருந்து பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்திருக்க வேண்டும். அரசு உதவிபெறும் பள்ளியில் தமிழ்வழியில் படித்தவர்களுக்கும் உண்டு. பெண்களுக்கு அந்தச் சலுகை 2024 டிசம்பர் கடைசியில்தான் வந்தது. இந்த ஆயிரத்தை வீண் என்கிறவர்கள் என் மேசைக்கு எதிரே ஒரு வாரம் உட்கார்ந்து பார்க்கட்டும். முன்பெல்லாம் எக்ஸாம் ஃபீஸ் கடைசி நாளில் "அக்கா, ரெண்டு நாள் டைம் வாங்கிக் குடுங்கக்கா" என்று பெண்கள் வரிசையாக வந்து நிற்பார்கள். அந்த வரிசை இப்போது குட்டையாகிவிட்டது. இதற்குப் புள்ளிவிவரம் கேட்காதீர்கள், நான் கண்ணால் பார்த்ததைச் சொல்கிறேன். ஆயிரம் ரூபாயில் என்ன வந்துவிடும் என்றால், மாதம் தவறாமல் வரும் ஆயிரம் என்பதுதான் அதன் மதிப்பே. அடுத்த மாதமும் வரும் என்று தெரிந்தால்தான் ஒரு பெண் கூச்சமில்லாமல் தோழியிடம் இருநூறு கைமாற்று வாங்க முடியும்.

கல்விக் கட்டணத்துக்கான பெரிய உதவி வேறு கதை. பத்தாம் வகுப்புக்கு மேல் படிக்கும் ஆதிதிராவிடர், பழங்குடியினர் மாணவர்களுக்கான போஸ்ட் மெட்ரிக் உதவித்தொகையைத்தான் சொல்கிறேன். குடும்ப வருமானம் ஆண்டுக்கு இரண்டரை லட்சத்துக்குள் இருக்க வேண்டும். செலவில் மத்திய அரசு 60 பங்கு, மாநிலம் 40 பங்கு என்று 2020 டிசம்பரில் முடிவானது. அதன் பிறகு மத்தியப் பங்கு கல்லூரிக்கு வருவதில்லை, நேராக மாணவரின் வங்கிக் கணக்குக்குப் போகிறது. இடைத்தரகர் இல்லை, கல்லூரி சுருட்ட முடியாது, நல்ல ஏற்பாடுதான் என்று நானும் அப்போது நினைத்தேன்.

2022 நவம்பர் செமஸ்டர். பரீட்சைக்கு எட்டு நாள் இருக்கும்போது மேலிடத்திலிருந்து 'டியூஸ் லிஸ்ட்' வந்தது. பாக்கி வைத்திருப்பவர்களின் ஹால் டிக்கெட்டைத் தனியாக எடுத்து வைக்கச் சொல்லி உத்தரவு. நாற்பத்தொரு ஹால் டிக்கெட். ரப்பர் பேண்டு போட்டு என் மேசையின் இரண்டாவது டிராயரில் வைத்தேன். அதில் முக்கால்வாசி ஸ்காலர்ஷிப் பிள்ளைகள். உதவித்தொகைக்குத் தகுதியுள்ள பிள்ளைகளிடம் முன்கூட்டியே கட்டணம் கேட்கக்கூடாது என்பது விதி. அந்தச் சுற்றறிக்கையின் நகல் என் மேசைக் கண்ணாடிக்கு அடியிலேயே இருக்கிறது. மேலே விதி, கீழே டிராயரில் ஹால் டிக்கெட், நடுவில் நான்.

இங்கே கொஞ்சம் நிறுத்திக்கொள்கிறேன். "கல்லூரிக்காரி, கல்லூரிக்குத்தானே ஜால்ரா போடுவாள்" என்று யாராவது இந்நேரம் கருத்தில் எழுதத் தொடங்கியிருப்பீர்கள். இல்லை. நிர்வாகம் செய்தது தப்பு. அந்த டிராயரைப் பூட்டிய நான் செய்ததும் தப்புதான். ஆனால் அந்த மாதம் எங்களுக்குப் பத்தாம் தேதி வரவேண்டிய சம்பளம் இருபத்திரண்டாம் தேதிதான் வந்தது என்பதையும் சேர்த்துப் படியுங்கள். எங்களுடையது பெரிய டிரஸ்ட் இல்லை. கட்டணம் வந்தால்தான் சம்பளம். அரசிடமிருந்து பணம் தாமதமானால் அந்தத் தாமதம் கல்லூரி வாசலோடு நிற்காது, அது கீழே இறங்கும். இறங்கி இறங்கிக் கடைசியில் யார் தலையில் உட்காருகிறது என்பதுதான் விஷயம்.

அந்த நாற்பத்தொன்றில் ஒரு பெண். இரண்டாம் ஆண்டு பி.காம். அப்பா சென்ட்ரிங் வேலை. ஆண்டுக் கட்டணம் 22,000, அத்தனையும் பாக்கி. படித்தது உதவிபெறும் பள்ளி, அந்தப் பள்ளிப் பெண்களுக்கு அப்போது புதுமைப்பெண் பணமும் கிடையாது. பரீட்சைக்கு இரண்டு நாள் முன்னால் அவள் அப்பா வந்தார். செருப்பை வாசலில் கழற்றிவிட்டு உள்ளே வந்தார். எங்கள் ஆபீசில் யாரும் செருப்பைக் கழற்றுவதில்லை. பாக்கெட்டிலிருந்து அடகுக்கடைச் சீட்டில் சுற்றிய பணத்தை எடுத்து வைத்தார். பதினைந்தாயிரம். மனைவியின் தோடு என்று அவர் சொல்லவில்லை. சீட்டில் எழுதியிருந்தது, நான் பார்த்தேன்.

"மேடம், ஸ்காலர்ஷிப் வந்துச்சுன்னா இதத் திருப்பித் தருவீங்களா? ரசீதுல அப்படி எழுதித் தரமுடியுமா?"

"இல்லைங்கய்யா, இப்பெல்லாம் காலேஜுக்கு வராது. நேரா உங்க பொண்ணு கணக்குக்கே வந்துடும்."

"எந்தக் கணக்குக்கு மேடம்?"

நல்ல கேள்வி. இன்றைக்கு நினைத்தாலும் சுருக்கென்று இருக்கிறது, அன்றைக்கு வந்த முப்பது நாற்பது பேரில் சரியான கேள்வியைக் கேட்டவர் அவர் ஒருவர்தான். நான் "அதான் பொண்ணு பேர்ல இருக்கே, பாஸ்புக் குடுத்திருக்காளே, அதுக்குத்தான்" என்று சொல்லி அடுத்த ஆளைக் கூப்பிட்டுவிட்டேன். மீதி ஏழாயிரத்துக்கு ஒரு கடிதம் எழுதி வாங்கிக்கொண்டு ஹால் டிக்கெட்டைக் கொடுத்தேன். அவர் ரசீதை இரண்டு முறை மடித்து, செருப்பை மாட்டிக்கொண்டு போனார்.

டிசம்பர், ஜனவரி, பிப்ரவரி. மற்ற பிள்ளைகளுக்கு முன்னும் பின்னுமாகப் பணம் வரத் தொடங்கியது. இவளுக்கு வரவில்லை. கேட்கும்போதெல்லாம் "வரும்மா, பாதிப்பேருக்கு இன்னும் வரல" என்றேன். ஜூன் மாதம் அடுத்த வருட ரினீவலுக்கு வந்து நின்றபோதுதான் எனக்கு உறைத்தது. ஆதார் இணையதளத்தில் போய் எந்த வங்கியோடு இணைந்திருக்கிறது என்று பார்க்கலாம் என்றேன். அதற்கு ஓடிபி வேண்டும். அவள் ஆதாரில் இருந்தது அப்பாவின் நம்பர். அப்பாவுக்குப் போன் போட்டோம். எங்கோ மூன்றாவது மாடியில் பலகை அடித்துக்கொண்டிருந்தார். "கையெல்லாம் ஆயிலா இருக்கு மேடம், ஒரு நிமிஷம், பக்கத்துல பையன் ஒருத்தன் இருக்கான், அவனப் படிக்கச் சொல்றேன்." அந்தப் பையன் ஆறு எண்ணையும் ஒன்றிரண்டு தடவை தப்பாகச் சொல்லி, பிறகு சரியாகச் சொன்னான்.

திரையில் வந்த வங்கியின் பெயர் அவள் கேள்விப்பட்டதே இல்லை. ஒரு பேமெண்ட்ஸ் பேங்க், கடன் கொடுக்காமல் சேமிப்பும் பணப் பரிமாற்றமும் மட்டும் பார்க்கும் வகை வங்கி.

கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு அவளே சொன்னாள். போன வருடம் பஸ் ஸ்டாண்டு பக்கத்தில் ஒரு கடையில் புது சிம் வாங்கினாளாம். கைரேகை வைக்கச் சொன்னார்கள், வைத்தாள். "இன்னொரு வாட்டி வைங்க சிஸ்டர், சரியா விழல" என்றான் கடைக்காரப் பையன், அதையும் வைத்தாள். அந்த இன்னொரு வாட்டியில் ஒரு வங்கிக் கணக்கு பிறந்துவிட்டது. நீங்கள் விண்ணப்பத்தில் எந்த பாஸ்புக்கின் நகலை வேண்டுமானாலும் இணைக்கலாம்; ஆதார் வழியாக வரும் அரசுப் பணம் கடைசியாக எந்தக் கணக்கோடு ஆதார் சீடிங், அதாவது இணைப்பு, ஆகியிருக்கிறதோ அங்கேதான் போய் விழும். விழுந்திருந்தது. ஏப்ரல் மாதத்திலிருந்து 13,200 ரூபாய் அங்கே அனாதையாகக் கிடந்தது.

சரி, கணக்குப் பார்ப்போம், நான் பி.காம் தான். பதினைந்தாயிரத்துக்கு ரெண்டு வட்டி, நவம்பர் தொடங்கி ஜூன் வரை ஏழு மாதம். 2,100 ரூபாய். இலவசக் கல்வி என்று பலரும் சொல்லும் அந்த இலவசத்துக்கு அந்தக் குடும்பம் அடகுக்கடையில் கட்டிய விலை இது. இதில் யாரும் லஞ்சம் வாங்கவில்லை, யாரும் பணத்தைத் தின்னவில்லை. அரசு கொடுத்தது, வங்கி வரவு வைத்தது, கல்லூரி கணக்கை முடித்தது. எல்லார் ஃபைலும் சுத்தம். தோடு மட்டும் ஏழு மாதம் கடையில் இருந்தது.

அதனால்தான் சொல்கிறேன், தேதி. கட்டணம் ஜூனிலும் நவம்பரிலும் கேட்கப்படுகிறது. உதவி ஏப்ரலில் வருகிறது. இந்த இடைவெளியை அப்படியே வைத்துக்கொண்டு தொகையை இரண்டு மடங்காக்கினால், அடகு வைக்கும் தொகையும் இரண்டு மடங்காகும். வேறொன்றும் நடக்காது.

"ஜாதி பார்த்துக் கொடுத்தால் இப்படித்தான்" என்று எழுத வருபவர்களுக்கு ஒரு வார்த்தை. பிற்படுத்தப்பட்டோர், மிகவும் பிற்படுத்தப்பட்டோருக்கும் உதவித்தொகை இருக்கிறது, அங்கேயும் வருமான வரம்பு இருக்கிறது. அப்புறம், 2019-ல் பொருளாதாரத்தில் நலிந்தவர்கள் என்று முன்னேறிய வகுப்பினருக்குப் பத்து விழுக்காடு மத்திய இட ஒதுக்கீடு வந்ததே, அதற்கு வருமான வரம்பு எட்டு லட்சம். ஸ்காலர்ஷிப் வாங்கும் ஏழைக்கு இரண்டரை லட்சம். பத்து வருடத்துக்கு மேலாக அதே இரண்டரை லட்சம். மாதத்துக்கு 20,833 ரூபாய் வருகிறது. புருஷன் சென்ட்ரிங், மனைவி கம்பெனி வேலை என்று இரண்டு பேரும் உண்மையான வருமானத்தைச் சொன்னால் பல வீடுகள் தாண்டிவிடும். அதனால் எல்லாருடைய வருமானச் சான்றிலும் 72,000, 84,000, 96,000 என்று அச்சடித்த மாதிரி எண்கள். எனக்கும் தெரியும், கையெழுத்துப் போடுபவருக்கும் தெரியும். நேர்மையான ஒரு அப்பா உண்மையைச் சொல்லிவிட்டால் அவர் பிள்ளைக்கு மட்டும் கிடைக்காது. விரிவாக்கம் என்றால் என்னைப் பொறுத்தவரை இந்தப் பொய்க்கு அவசியம் இல்லாமல் செய்வதும்தான்.

விளிம்பில் நிற்கிற பிள்ளைகளைப் பார்த்தால்தான் இன்னும் வயிறு எரியும். ஒரு பெண் ஏழாம் வகுப்பு வரை தனியார் பள்ளி. அப்பா விபத்தில் படுத்துவிட, எட்டிலிருந்து அரசுப் பள்ளி. ஆறாம் வகுப்பிலிருந்து அரசுப் பள்ளி என்ற விதியில் அடிபட்டுப் போனாள். குடும்பம் நொடிந்ததால்தான் அரசுப் பள்ளிக்கே வந்தாள், ஆனால் நொடிந்தது இரண்டு வருடம் தாமதம். என் அக்கா பையன் கதை இன்னொரு ரகம். 2010-ல் வந்ததே, தொழிற்படிப்புக்கு முதல் பட்டதாரிச் சலுகை, அதை வீட்டில் ஒரு பிள்ளைதான் வாங்கலாம். பெரியவன் இன்ஜினியரிங்கில் அதை வாங்கிவிட்டான். இரண்டு வருடம் கழித்து தங்கைக்குக் கேட்டபோது "உங்க வீட்லதான் ஏற்கெனவே ஒருத்தர் வாங்கிட்டாரே" என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். அந்த முதல் பட்டதாரிக்கு அப்போது ஒன்பது அரியர்! கடைசியில் தங்கைதான் முதலில் பட்டம் வாங்கினாள், சலுகை இல்லாமல்.

சம்பந்தமில்லாத ஒன்றையும் கொட்டிவிடுகிறேன், மனதில் பல வருடமாகக் கிடக்கிறது. புதுமைப்பெண் திட்டத்தின் முந்தைய அவதாரம் தெரியுமா? மூவலூர் இராமாமிர்தம் அம்மையார் திருமண உதவித் திட்டம். 1989-ல் தொடங்கியது. 2011-ல் தாலிக்குத் தங்கமும் சேர்ந்தது, அப்போது நான்கு கிராம். பட்டதாரிப் பெண்ணுக்கு ஐம்பதாயிரம். அதைத்தான் 2022-ல் படிப்புக்கு மாற்றினார்கள். எனக்கு 2012-ல் கல்யாணம். நாற்பது நாள் முன்னாலேயே விண்ணப்பம் கொடுத்தாயிற்று. கல்யாணத்துக்கு வரவில்லை. தலை தீபாவளிக்கு வரவில்லை. வளைகாப்புக்கு வரவில்லை. என் மகனுக்கு முதல் பிறந்தநாள் முடிந்து இரண்டு மாதம் கழித்து வரச்சொல்லி ஆள் அனுப்பினார்கள். தாலிக்குத் தங்கம் வாங்க இடுப்பில் பிள்ளையோடு போய் நின்றேன். மேடையில் தங்கக் காசைக் கையில் கொடுத்தவர் பிள்ளையைப் பார்த்துவிட்டு "யாரு கொழந்த?" என்றார். என்ன பதில் சொல்ல? என் மாமியார் இன்றைக்கும் அந்தக் காசை 'பேரன் காசு' என்றுதான் சொல்வார். நன்றி கெட்டவள் என்று நினைக்காதீர்கள். அந்தப் பணத்தில்தான் மகனின் ஆஸ்பத்திரிச் செலவைச் சமாளித்தோம். ஆனால் கல்யாணக் கடன் கல்யாணத்தன்றே வாங்கியாயிற்று, அதற்கு வட்டியும் ஓடிக்கொண்டிருந்தது.

என்ன செய்யலாம் என்று கேட்டால், பெரிய யோசனை எதுவும் என்னிடம் இல்லை. அட்மிஷன் போடும் மாதத்திலேயே மாநிலப் பங்கையாவது விடுவிக்கலாம். வருமானச் சான்று ஒரு வருடம்தான் செல்லும் என்பதால் வருடா வருடம் கூலி வேலையை விட்டுவிட்டு இ-சேவை மையத்துக்கு ஓடுகிறார்கள். மூன்று வருடப் படிப்புக்கு ஒரு சான்று போதாதா? இந்தப் 'போதாதா'வை அங்கே கேளுங்கள், உங்களோடு நானும் சேர்ந்துகொள்கிறேன். அப்புறம் யுமிஸ் என்கிற கல்லூரி மாணவர்களுக்கான அரசு இணையதளத்தில் விண்ணப்பம் ஏற்றும்போதே எந்தக் கணக்கோடு ஆதார் இணைந்திருக்கிறது என்பதை அந்தப் பிள்ளைக்குப் பெரிய எழுத்தில் காட்டட்டும். எங்கள் கல்லூரியில் இப்போது நானே ஒவ்வொருவருக்கும் பார்த்துவிட்டுத்தான் விண்ணப்பத்தை வாங்குகிறேன். இதனால் வேலை இரண்டு மடங்கு. யாரும் இதற்காக ஒரு ரூபாய் கூட்டித் தரவில்லை, என் நாற்காலியின் உடைந்த சக்கரத்தைக்கூட மாற்றவில்லை.

டிராயர்? சென்ற செமஸ்டரில் பதினேழு ஹால் டிக்கெட். நாற்பத்தொன்றுக்கு இது பரவாயில்லை என்பேன். அந்தப் பதினேழு வீடுகளில் அப்படிச் சொல்ல மாட்டார்கள்.

அந்தப் பெண் படிப்பை முடித்து இப்போது ஒரு ஆடிட்டர் ஆபீசில் இருக்கிறாள். தம்பி அரசுப் பள்ளியில் முடித்து எங்கள் கல்லூரியிலேயே சேர்ந்திருக்கிறான். போன வாரம் போன் செய்தாள்.

"அக்கா, தம்பிக்கு சீடிங் பாத்துட்டேன். சரியா இருக்கு. அப்பாவுக்கும் பாத்துட்டேன், அம்மாவுக்கும் பாத்துட்டேன். நீங்க உங்களுக்குப் பாத்தீங்களாக்கா?"

பன்னிரண்டு வருடத்தில் எனக்குப் பார்த்ததே இல்லை. போனை வைத்துவிட்டுப் பார்த்தேன். சம்பளம் வரும் வங்கி இல்லை. கேஸ் மானியத்துக்காக எப்போதோ திறந்து, பாஸ்புக் எங்கே என்றே தெரியாத ஒரு கணக்கு.